ஐந்தாவது கட்டம்

செவ்வூரணி,
16-11-1969

அன்புள்ள அண்ணன் பெரியகருப்பன் அவர்களுக்கு,

தங்கை கல்யாணி எழுதுவது. இங்கே ஆத்தா, ஐயா, மாடு, கன்று எல்லோரும் சுகம். நான் மட்டும் கோபமாக இருக்கிறேன். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

மதுரையிலிருந்து நீங்கள் அனுப்பிய பார்சல் வந்தது. அறுபது தாள், அறுபது கதவு எண், ஒரு பென்சில். பி.எஸ்ஸி. கணக்கு கடைசி வருடத்தில் புள்ளியியல் செய்முறை இருக்கிறது, ஊரில் அறுபது வீட்டுக்குப் போய்ப் பெண்பிள்ளைகள் எத்தனையாவது வரை படித்தார்கள், ஏன் நின்றார்கள் என்று கேட்டு எழுதி அனுப்பு என்று சொல்லிவிட்டீர்கள். உன்னால் முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு வருடமாக உங்கள் ரெக்கார்டு நோட்டையெல்லாம் நான்தான் எழுதித் தருகிறேன். அது வீட்டுக்குள் உட்கார்ந்து செய்கிற வேலை. இது நாலு வாசலில் நிற்கிற வேலை. கடைக்குப் போனால்கூடத் தலை நிமிராமல் போய் வருகிறவள் நான் என்று உங்களுக்குத் தெரியாதா?

முதல் வீட்டு வாசலில் கால் மணி நேரம் நின்றேன். பொன்னுத்தாயி அக்கா வெளியே வந்து, "ஏன்டி, மோருக்கா வந்தே? சொம்பு எங்கடி?" என்று கேட்டார். தாளைக் காட்டினேன். "இதுல என்னத்த எழுதப் போறே? எம் மக அடுப்பூதுறதையா?" என்று சிரித்தார். தெருவே திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். மறுநாள் திரும்பப் போய்த்தான் எழுதினேன். இதுவரை பதினோரு வீடு ஆகியிருக்கிறது.

இரண்டு சந்தேகம். எண்களை ஏதோ அட்டவணையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். மூடித்தான் எடுத்திருக்கிறீர்கள். திறந்திருந்தால் செட்டியார் வீடுகளில் பாதி பூட்டிக் கிடப்பது ஞாபகம் வந்திருக்கும். அறுபதில் எட்டு எண் பூட்டிய வீடு. அதில் மூன்று வீட்டின் பின்பக்கம் காவல்காரக் குடும்பம் இருக்கிறது. நாற்பத்தேழாம் எண் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன். காவல்காரர் சேவுகன் பெண்சாதி கருப்பம்மாள் கூரைச் சார்ப்பில் சமைத்துக்கொண்டிருந்தார். "என்ன தாயி, சர்க்காரு வேலைக்குப் போயிட்டீகளா? எங்களையும் எழுதுங்க. வீட்டுக்காரக மலாயாவுல இருக்காக. கூட்டுறது, பெருக்குறது, வவ்வாலு வெரட்டுறது எல்லாம் நாங்கதானே?" என்றார். கதவு எண் முன்வாசலில் இருக்கிறது, ஆட்கள் பின்வாசலில் இருக்கிறார்கள். இவர்களை எழுதலாமா?

இன்னொன்று. ஏன் நின்றாய் என்ற கேள்விக்கு உங்கள் தாளில் நான்கே கட்டம். வயதுக்கு வந்தது, வீட்டு வேலை, கல்யாணம், படிப்பில் விருப்பமில்லை. கருப்பம்மாள் மகள் கருப்பி நான்காவதோடு நின்றவள். ஏன் என்று கேட்டேன். "தம்பிக்குச் சிலேட்டு வாங்கினாக. எனக்கு ஆட்டுக்குட்டி வாங்கினாக" என்றாள். இது எந்தக் கட்டம்? தாளின் ஓரத்தில் ஸ்கேல் வைத்து ஐந்தாவதாக ஒரு கட்டம் நானே போட்டேன். 'அண்ணன் தம்பி படிப்புக்காக' என்று மேலே எழுதினேன். சரியா, தப்பா?

இப்படிக்கு,
அன்புத் தங்கை
கல்யாணசுந்தரி


மாணவர் விடுதி, மதுரை,
22-11-1969

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "ஒன் தங்கச்சிக்கு நல்ல வாயிடா" என்கிறான் முத்துராமன். எழுத்தில்தான் வாய், நேரில் நூறு ரூபாய் கொடுத்தாலும் பேச மாட்டாள் என்றேன்.

பூட்டிய வீட்டைப் பற்றி எங்கள் சாரிடம் கேட்டேன். வகுப்பில் வேறு யாருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லையாம். "அடுப்பு எரிந்தால் அது ஒரு குடும்பம், எண் எந்தப் பக்கம் இருந்தால் என்ன?" என்றார். நல்ல கேள்வி கேட்டாய் என்று எல்லோர் முன்னும் என்னைப் பாராட்டினார். ஆள் இல்லாத ஐந்து வீட்டுக்குப் பதிலாக வேறு ஐந்து எண் அனுப்பியிருக்கிறேன்.

ஐந்தாவது கட்டம் இருந்துவிட்டுப் போகட்டும். பின்னால் பார்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனி. நீயாகப் பதிலை எடுத்துக் கொடுக்காதே. அந்தப் பெண் தன் வாயால் என்ன சொல்கிறாளோ அதை மட்டும் எழுது. அதுதான் இந்தப் பாடத்துக்கு உயிர்.

டிசம்பருக்குள் அனுப்பிவிடு. எள்ளுருண்டை கேட்டேன் என்று ஆத்தாவிடம் சொல்.

அன்பு அண்ணன்,
பெரியகருப்பன்


செவ்வூரணி,
14-12-1969

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

அறுபதும் முடிந்தது. தாள்களும் எள்ளுருண்டையும் தனிப் பார்சலில் வருகின்றன. சாரிடம் பாராட்டு வாங்கிய கேள்வி யாருடையது என்று அவருக்குத் தெரியுமா? தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை, சும்மா கேட்டேன்.

பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பெண்கள் முப்பத்தெட்டுப் பேர். வயதுக்கு வந்ததால் 14, வீட்டு வேலைக்காக 9, கல்யாணத்தால் 5, விருப்பமில்லாமல் 3. ஐந்தாவது கட்டத்தில் 7. மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டேன்.

விருப்பமில்லாத மூன்று பேரும் அவர்களே சொன்னவர்கள். "பள்ளிக்கூடத்துல ஒக்காந்தாலே கொட்டாவி வரும்டி" என்று மீனாள் சிரித்தாள். ஐந்தாவது கட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி தன் அம்மா கிணற்றடிக்குப் போகும்வரை காத்திருந்துதான் சொன்னாள். "யாருகிட்டயும் சொல்லிப்புடாதே" என்றாள். உன் பெயர் வராது, ஆனால் கணக்கில் நீ ஒரு ஆளாக வருவாய் என்று வாக்குக் கொடுத்தேன்.

உங்கள் எண்களில் நம் வீடும் இருந்ததே, பார்த்தீர்களா? நூற்றுப் பன்னிரண்டு. தாளை எடுத்துக்கொண்டு ஆத்தாவிடம் போய் மற்ற வீட்டில் கேட்ட மாதிரியே கேட்டேன். "வெளையாடுறியா? ஒனக்குப் படிப்பு ஏறலைன்னு எழுதிப்புட்டுப் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்றாள்.

மூன்றரை வருடமாக யார் கேட்டாலும் இதுதான் பதில். சொல்லிச் சொல்லி ஆத்தாவே நம்பிவிட்டாள் போல. எட்டாவதில் கணக்கில் நான் வாங்கியது தொண்ணூற்றாறு. நீங்கள் பி.யு.சி.யில் சேர்ந்த அதே ஜூனில் என்னை நிறுத்தினார்கள். உங்கள் விடுதிச் செலவுக்காக மாடு பார்த்த மலையாண்டியை விலக்கிவிட்டு அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். தலைமையாசிரியர் வீடு தேடி வந்தார். "அதுக்குப் படிப்புல நாட்டமில்லீங்க" என்று ஐயா சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் கதவுக்கு முன்னால் நின்றீர்கள்.

அந்தப் பெண் தன் வாயால் சொல்வதை எழுது என்றீர்கள். இந்த வீட்டில் அந்தப் பெண் நான். ஐந்தாவது கட்டத்தில் எழுதினேன். ஏழில் ஒன்று நான். முடித்ததும் நல்ல பசி. போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

இப்படிக்கு,
தங்கை
கல்யாணசுந்தரி


மாணவர் விடுதி, மதுரை,
18-1-1970

அன்புத் தங்கைக்கு,

என்.சி.சி. முகாம் இருந்ததால் பொங்கலுக்கு வர முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

ஆய்வை எழுதி முடித்துவிட்டேன். புது ரெக்கார்டு நோட்டும் கையெழுத்துப் பிரதியும் அனுப்பியிருக்கிறேன். வழக்கம்போல உன் முத்தான எழுத்தில் எழுதிக் கொடு. ஆங்கிலத்தை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுது. படங்களுக்குக் கருப்பு மை. முதல் பக்கத்தில் 'விவரம் எடுத்தவர்' என்ற இடத்தில் என் பெயரைக் கொஞ்சம் பெரிதாகப் போடு. கடைசி அட்டவணையைச் சரிசெய்துவிட்டேன், அப்படியே எழுதினால் போதும்.

வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்குக் காட்ட என் நோட்டைத்தான் சார் தேர்ந்தெடுக்கப் போகிறாராம். பிப்ரவரி பத்துக்குள் என் கைக்கு வர வேண்டும்.

அன்பு அண்ணன்,
பெரியகருப்பன்


செவ்வூரணி,
25-1-1970

அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தில் நான் சுகம் விசாரிக்கப் போவதில்லை.

முப்பத்தாறு பக்கம் எழுதினேன். முப்பத்தேழாம் பக்கத்தில் நீங்கள் 'சரிசெய்த' அட்டவணை வந்தது. நான்கு வரி. 14, 9, 5, 10. மொத்தம் 38. கூட்டினால் சரியாகத்தான் வருகிறது. அதனால்தான் வயிறு எரிகிறது. ஏழையும் மூன்றையும் சேர்த்துப் பத்தாக்கி, பத்துப் பேருக்கும் 'படிப்பில் விருப்பமில்லை' என்று எழுதிவிட்டீர்கள்.

நான் பார்த்து எழுதுகிறவள், படிக்க மாட்டேன் என்று நினைத்தீர்களா? நீங்கள் விட்டுப்போன அகராதியை வைத்துக்கொண்டு உங்கள் முடிவுரையை ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். ஒரு பகல் முழுக்க ஆயிற்று. நூற்றுக்கு இருபத்தாறு பெண்கள் படிப்பில் ஆர்வம் இல்லாததால் நின்றார்கள், பெண்களுக்கு ஆர்வம் ஊட்டுவது அவசியம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

யாருக்கு ஆர்வம் ஊட்டப் போகிறீர்கள்? கருப்பிக்கா? அவள் இன்றைக்கும் ஆடு மேய்க்கிற இடத்தில் தம்பியின் பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். போய்ப் பாருங்கள். கிணற்றடியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னவளுக்கா? அவளிடம் நான் என்ன முகத்தோடு போவேன்? கணக்கில் நீயும் ஒரு ஆள் என்று சொன்னேனே, அந்தக் கணக்கு இதுதானா?

ஐயா ஒரு வாத்தியாரிடம் பொய் சொன்னார். ஆத்தா தெருவில் சொல்கிறாள். அவர்களுக்குப் படிப்பில்லை, ஊருக்குப் பயந்து சொல்கிறார்கள் என்று இத்தனை நாள் பொறுத்துக்கொண்டேன். நீங்கள் படித்தவர். அதே பொய்யைக் கோடு போட்டு, சதவீதம் போட்டு, அதையும் என் கையாலேயே எழுதச் சொல்கிறீர்கள். எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று நானே அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டுமா?

ஏழு என்றால் ஏழு என்று போட்டு வேறு தாள் அனுப்புங்கள். அதுவரை நோட்டு என் பெட்டியில் இருக்கும்.

கல்யாணசுந்தரி


மாணவர் விடுதி, மதுரை,
31-1-1970

கல்யாணிக்கு,

உன் கடிதத்தை இந்தத் தடவை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. அவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறாய்!

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். சார் கொடுத்த தாளில் நான்கு கட்டம்தான். சிறிய எண்ணிக்கை இருந்தால் பக்கத்து வகுப்போடு சேர்த்துவிடுவது புள்ளியியலில் உள்ள முறை. புத்தகத்திலேயே இருக்கிறது. இதில் பொய்யும் இல்லை, புரட்டும் இல்லை. நீ எட்டாவதோடு நின்றவள், இதெல்லாம் உனக்குத் தெரிய நியாயமில்லை.

அதோடு நான் இதை வகுப்பில் நின்று படிக்க வேண்டும். அண்ணன் படிக்கத் தங்கையை நிறுத்தினார்கள் என்று படித்தால், உன் வீட்டில் எப்படியடா என்று ஒருவன் கேட்பானா மாட்டானா? நான் என்ன சொல்வது? ஐயா காதுக்குப் போனால் என்ன ஆகும்? உன் பெயரா வருகிறது? ஒரு எண். ஒரு எண்ணுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

நோட்டு இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வில் உட்கார விட மாட்டார்கள். என் மூன்று வருடம் வீணாகும். நான் படித்து வேலைக்குப் போனால் அது உனக்கும்தானே நல்லது? வீம்பு பிடிக்காமல் அனுப்பி வை.

பெரியகருப்பன்


செவ்வூரணி,
6-2-1970

அண்ணனுக்கு,

புத்தகத்தில் இருக்கிறது என்றீர்கள். என்னிடம் புத்தகம் இல்லை. ஆனால் போன வருட ரெக்கார்டுக்கு நீங்கள் கிறுக்கிக் கொடுத்த கரட்டு நோட்டு என் பெட்டியில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். அதே முறை வருகிற இடத்தில் ஓரமாக உங்கள் பென்சில் எழுத்தில் தமிழில் குறித்திருக்கிறீர்கள்: 'ஐந்துக்குக் குறைந்தால் பக்கத்து வகுப்போடு சேர்க்கவும்.'

ஏழு எப்போது ஐந்துக்குக் குறைந்தது?

ஐந்துக்குக் குறைந்தது மூன்றுதான். சேர்ப்பதாக இருந்தால் விருப்பமில்லாத மூன்று பேரைத்தான் கொண்டுபோய் வேறெங்காவது சேர்த்திருக்க வேண்டும். உங்கள் முறைப்படி பார்த்தால் அட்டவணையில் காணாமல் போக வேண்டிய கட்டம் அதுதான். நீங்கள் பெரியதைத் தூக்கிச் சின்னதுக்குள் போட்டிருக்கிறீர்கள். எட்டாவதோடு நின்றவளுக்கே இது தெரிகிறது. வேறு ஏதாவது நுணுக்கம் இருக்கிறது என்று நாளைக்குச் சொல்வீர்கள். இருக்கட்டும். அந்த நுணுக்கத்தைப் பார்த்து நீங்கள் இதைச் செய்யவில்லை. உன் வீட்டில் எப்படி என்று ஒருவன் கேட்பானே என்றுதான் செய்தீர்கள். அதை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

உங்கள் படிப்பைக் கெடுக்கிற எண்ணம் எனக்கில்லை. படிப்பு கெட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நோட்டு இன்றைய தபாலில் வருகிறது. எல்லாப் பக்கமும் எழுதியிருக்கிறேன். கடைசி அட்டவணையில் ஐந்து வரி இருக்கிறது. 14, 9, 5, 3, 7. ஐந்தாவது வரியின் தலைப்பை ஆங்கிலத்தில் எழுத எனக்கு அகராதியில் அரை நாள் ஆயிற்று. தப்பு இருந்தால் திருத்துங்கள்.

முடிவுரைக்கு இரண்டு பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன். உங்கள் முடிவை உங்கள் கையால் எழுதிக்கொள்ளுங்கள். எது யார் எழுத்து என்று பார்க்கிறவருக்குத் தெரியட்டும்.

கல்யாணசுந்தரி


மாணவர் விடுதி, மதுரை,
21-2-1970

அன்புத் தங்கை கல்யாணிக்கு,

நோட்டைக் கொடுத்துவிட்டேன். சார் கையெழுத்தும் போட்டுவிட்டார். நீ சொன்னபடியே ஐந்து வரியும் வைத்துவிட்டேன். முடிவுரையையும் மாற்றி எழுதினேன். இப்போது உனக்குத் திருப்திதானே?

ஒரு சின்ன மாற்றம் மட்டும் செய்தேன். விவரம் எடுத்தவர் தன் வீட்டையே ஆய்வில் சேர்ப்பது நல்ல முறை அல்ல என்பார்கள். ஆகவே நம் வீட்டை எடுத்துவிட்டேன். ஐம்பத்தொன்பது வீடு, முப்பத்தேழு பெண்கள். ஐந்தாவது வரியில் ஆறு. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு நானே எழுதி ஒட்டினேன். உன் எழுத்து மாதிரி வரவில்லை. 'நேர்மையான ஆய்வு' என்று சார் எழுதியிருக்கிறார்.

அரியக்குடிப் பக்கத்திலிருந்து உன்னைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று ஐயா எழுதியிருந்தார். நல்ல இடமாம். இந்தக் கோபத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டுச் சிரித்த முகமாக இரு.

அன்பு அண்ணன்,
பெரியகருப்பன்


செவ்வூரணி,
8-3-1970

அண்ணனுக்கு,

ஆறு பேரையும் அவர்கள் சொன்ன இடத்தில் வைத்தீர்கள். அதற்கு நன்றி. கிணற்றடிக்காரியைக் கோவிலில் பார்த்தேன், தலையைக் குனிந்துகொள்ளாமல் பேசினேன்.

விவரம் எடுத்தவர் வீடு என்பதால் நம் வீட்டை எடுத்துவிட்டதாக எழுதினீர்கள். முதல் பக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது உங்கள் பெயர். வெயிலில் அறுபது வாசல் நின்றவள் விவரம் எடுத்தவளும் இல்லை, விவரத்திலும் இல்லை. பத்துக்குள் என்னை அடைத்தபோதாவது நான் ஒரு தப்பான கட்டத்தில் இருந்தேன். இப்போது அதிலும் இல்லை.

நேற்று அரியக்குடிப் பக்கத்து ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும், தங்கையும், இரண்டு பெரியவர்களும். ஆத்தா முதல் நாளே சொல்லியிருந்தாள், கேட்டதுக்குத் தலையை மட்டும் ஆட்டு என்று. காபி கொடுத்துவிட்டுத் தூணோரம் நின்றேன்.

"எத்தனாப்பு வரைக்கும் படிச்சிருக்கே?" என்று அந்த அம்மா கேட்டார். எட்டாவது என்றேன். "அதுக்கு மேல ஏன் போகல?"

"அதுக்குப் படிப்பு ஏறலத்தா. வீட்டு வேலையில கெட்டி" என்றாள் ஆத்தா. ஐயா வெற்றிலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

தூணை விட்டு ஒரு அடி முன்னால் வந்தேன். பிறகு சொன்னேன். "ஏறுச்சு. கணக்குல தொண்ணூத்தாறு வாங்கினேன். எங்க அண்ணன் காலேசுல சேந்தாக. மாடு பாக்க ஆளு வேணும்னு என்னை நிப்பாட்டுனாக."

எல்லோரும் கேட்கும்படி இத்தனை வார்த்தை நான் என் வாழ்நாளில் பேசியதில்லை. ஐயாவின் கை அப்படியே நின்றது. "பேச்சுக்குச் சொல்லுது, சின்னப் புள்ள" என்று ஆத்தா சிரிக்கப் பார்த்தாள். "சின்னப் புள்ளைக்குப் பெரிய வாயால்ல இருக்கு" என்றார் ஒரு பெரியவர்.

மாப்பிள்ளையின் தங்கை காபியைக் குடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வயது இருக்கும். நான் அவளிடம் கேட்டேன். "நீ படிக்கிறியா?"

"நிப்பாட்டிட்டாக" என்றாள்.

"ஏன்?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் அம்மா எழுந்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, எந்திரி" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவள் தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அவர்கள் பதில் சொல்லி அனுப்ப மாட்டார்கள் என்று ஆத்தா அழுகிறாள். நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஐயா, மதுரைக்கு எழுதுகிறேன், அவன் வந்து ஒன்னைக் கேக்கட்டும் என்கிறார். வாருங்கள். வந்து அவர் முன்னால் நின்று, நான் சொன்னது பொய் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் உண்மை என்று சொல்லுங்கள். இந்தத் தடவை இரண்டில் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சும்மா நிற்க முடியாது.

உங்கள் கரட்டு நோட்டுகள் நான்கும் இந்தப் பார்சலில் இருக்கின்றன. அகராதியை அனுப்பவில்லை. அது எனக்கு வேண்டும். இனிமேல் ரெக்கார்டு எதுவும் எனக்கு அனுப்ப வேண்டாம்.

உ. கல்யாணசுந்தரி,
கதவு எண் 112,
செவ்வூரணி